ஏழு நரம்பும் ஒரு பிரடையும்

ஹோம்புஷ், சிட்னி
12.9.1977

என் அன்பு மருமகன் சிறிக்கு,

மாமா மகேந்திரராஜா எழுதிக்கொள்வது. இங்கே எனக்கும் மாமிக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. மனதுக்குத்தான், கொழும்பில் தமிழருக்கு எதிராக அடிபாடு என்று கேள்விப்பட்ட நாள் தொடக்கம், நிம்மதி இல்லை. நீ கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கிவிட்டாய் என்று உன் அம்மாவின் தந்தி வந்த பிறகுதான் மாமி அடுப்பில் ஒழுங்காக உலை வைத்தாள்.

அங்கே நடந்ததை நீ எழுத வேண்டாம். எழுதினால் மாமி வாசிப்பாள். இந்த ஊர் ரேடியோவில் இரண்டு வசனம் சொன்னான், மூன்றாவது வசனம் குதிரைப் பந்தயம். அடுத்த நாள் ரயிலில் பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரனுக்கு நானே முழுவதையும் விளங்கப்படுத்தினேன். அவன் லிட்கம்பில் இறங்க வேண்டியவன். பரமட்டா வரைக்கும் வந்து கேட்டுவிட்டு, கை குலுக்கிவிட்டுத் திரும்பி ரயில் எடுத்துப் போனான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன்னை இங்கே எடுப்பிக்க ஒரு வழி திறந்திருக்கிறது. வாசல் இல்லை, யன்னல்தான். ஆனால் மாமா பிடித்துக்கொண்டு நிற்கிறேன், சாத்த விடமாட்டேன்.

பரமட்டாவில் நான் வேலை செய்கிற கடையைப் பற்றி முன்பும் எழுதியிருக்கிறேன். முதலாளி மிஸ்டர் பெரென்ஸ் ஹங்கேரி நாட்டவர். வயலின், செல்லோ எல்லாம் திருத்துகிறவர். இருபது வருஷத்துக்கு முன் அவருடைய நாட்டில் குழப்பம் வந்தபோது, உளிகளை ஒரு துணியில் சுருட்டிக்கொண்டு எல்லை தாண்டி ஓடி வந்தவர். நான் அங்கே கூட்டுகிறேன், வானில் வாத்தியம் ஏற்றி இறக்குகிறேன் என்று உன் அப்பா யாருக்கோ சொன்னதாகக் கேள்வி. கடைச் சாவி என்னிடம்தான் இருக்கிறது என்று அவரிடம் சொல்லு. நான் ஒரு நாள் போகாவிட்டால் கடை திறக்காது.

போன மாதம் மெல்பேர்னில் ஒரு பணக்காரக் கிழவியின் வீட்டில் இருந்து பழைய செல்லோ ஒன்றை எடுத்து வர என்னைத்தான் அனுப்பினார். வேறு யாரை அனுப்புவார். வழியில் விடியப்புறம் ஒரு கங்காரு குறுக்கே பாய்ந்தது. பிரேக் போட்டால் வாத்தியம் போகும், போடாவிட்டால் நான் போவேன். இரண்டும் போகாமல் ஓட்டி வந்தேன். கங்காருவும் போகவில்லை.

கடைக்குக் கொண்டு வந்து வைத்ததும் மிஸ்டர் பெரென்ஸ் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். சாப்பிடப் போகவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டு, நரம்பு சுற்றுகிற தலைப்பக்கத்தைத் தடவிப் பார்க்கச் சொன்னார். இருப்பது நாலு நரம்பு, நாலு பிரடை. வீணையில் திருகிச் சுருதி சேர்ப்போமே, அதே பிரடைதான். ஆனால் பழைய துளைகள் ஏழு இருந்து, பிறகு மரக்குச்சி வைத்து அடைத்திருந்த தடம் விரலில் தட்டுப்பட்டது. இது செல்லோவாகப் பிறந்தது இல்லையாம். இதற்கு வயோல் என்று பெயராம். வயலினுக்கு உறவுமுறை என்று வைத்துக்கொள். காலுக்கு நடுவில் பிடித்து வில்லால் இழுப்பார்கள், கழுத்தில் வீணைக்கு இருக்கிற மாதிரி மெட்டு இருக்கும், ஆனால் நரம்பாலேயே கட்டியது. பிரான்ஸில் ஏழு நரம்போடு செய்தார்களாம். பிறகு அந்த வாசிப்புக்கு மவுசு போய்விட, கழுத்தை அறுத்து, வேறு கழுத்து ஒட்டி, நாலு நரம்பு போட்டு செல்லோ ஆக்கிவிட்டார்களாம். அப்படிப் பல வாத்தியங்களுக்குச் செய்தார்களாம். கேட்க எனக்கே கழுத்து நொந்தது.

முந்நூறு வருஷத்துக்கு முன் பாரிஸில் கொலிஷோன் என்று ஒருவர் இருந்தாராம். ஏழு நரம்பு வயோல் செய்வதில் பெயர் எடுத்தவர். அவருடைய கைவேலையில் தப்பிக் கிடப்பது உலகத்திலேயே கொஞ்சந்தானாம். இது அவர் செய்ததாக இருக்கலாம் என்று மிஸ்டர் பெரென்ஸுக்கு ஒரு எண்ணம். உள்ளே ஒட்டியிருக்க வேண்டிய பெயர்ச்சீட்டு உரிந்து போய்விட்டது, ஆகையால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

ஏழு நரம்பு என்றதும் நான் சும்மா இருப்பேனா. எங்கள் வீணைக்கும் ஏழுதான், நாலு வாசிக்க, மூன்று தாளத்துக்கு என்று சொன்னேன். பிரெஞ்சுக்காரன் அந்தக் காலத்தில் புதுச்சேரிக்கு வந்தவன், கட்டாயம் ஒரு வீணையைப் பார்த்துவிட்டுப் போய்த்தான் கொலிஷோனுக்குச் சொல்லியிருப்பான் என்றும் சொன்னேன். மிஸ்டர் பெரென்ஸ் சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி விழுந்தது. சிரிக்கிற முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. என் அக்காவின் மகன் இணுவிலில் இருக்கிறான், வீணை செய்கிறவன், அவன் கை பட்டால் மரம் பேசும் என்று சொல்லிவிட்டேன்.

நீ கொழும்புக்குப் பக்கத்தில் இரத்மலானையில் கதிரை, மேசை செய்தவன் என்பது எனக்குத் தெரியும். ஆனால் இணுவில் கோயில் பஜனை ஹார்மோனியத்துக்குப் புது அடிப்பலகை போட்டவன் நீதானே. ஹார்மோனியமும் வாத்தியந்தானே. மாமா முழுப்பொய் சொல்வதில்லை, கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு யோசித்தார். அவருக்குக் கண்ணில் பூ விழுகிறது. ஒல்லாந்து தேசத்து டொக்டர் லாங்கன் என்று ஒருவர், மருந்து கொடுக்கிற டொக்டர் இல்லை, பழைய வாத்தியம் பார்க்கிற டொக்டர், ஒக்டோபரில் ஒரு கச்சேரிக் கோஷ்டியோடு சிட்னிக்கு வருகிறார். கொலிஷோன் செய்து மிஞ்சிக் கிடக்கிற வாத்தியங்களை நாடு நாடாகப் போய்ப் பார்த்தவர். அவர் பார்த்து ஓம் என்றால், கிழவி இதைப் பழையபடி ஏழு நரம்பு வயோலாக்கத் தருவாளாம். இரண்டு மூன்று வருஷ வேலை. அதற்குக் கண் நல்ல, கை நல்ல ஒரு ஆள் வேண்டும். அப்போது உன்னை எடுப்பிக்கும் பத்திரத்தில் கையெழுத்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். டொக்டர் அது இல்லை என்று சொன்னால், செல்லோ திரும்ப மெல்பேர்னுக்குப் போகும். நீ அங்கேயே இருப்பாய்.

ஆகவே கொழும்பில் விசா கொடுக்கிற அவுஸ்திரேலியா கந்தோரில் இருந்து யாரும் கேட்டால், வாத்திய வேலை தெரியும் என்று சொல்லு. தடுமாறாமல் சொல்லு. உடனே பதில் போடு. இரண்டு வரி என்றாலும் போதும்.

லொறிச் சத்தம் கேட்டால் நீ எழும்பிக் கதவைப் பார்ப்பதாக அக்கா தந்தியில் எழுதவில்லை. மெல்பேர்னில் இருக்கிற நித்தியானந்தன் ஊருக்குப் போய் வந்து சொன்னான். இங்கே லொறிச் சத்தம் கேட்டால் பால் வருகிறது என்று அர்த்தம். அதைக் கேட்க நீ வர வேண்டும்.

உன்னை எங்கள் குலதெய்வம் கைவிடாது.

மாமா
மகேந்திரராஜா


ஹோம்புஷ், சிட்னி
25.10.1977

அன்புள்ள மருமகன் சிறிக்கு,

உன் பதிலுக்குக் காத்திருந்தேன். உன் அம்மாவின் கையெழுத்தில் வந்தது. உனக்கு வலக்கையில் சின்னக் காயமாம், ஆறி வருகுதாம், ஆகையால் தான் எழுதுவதாக அக்கா எழுதியிருந்தாள். நான் வாசித்துவிட்டு, சரி, சின்னக் காயந்தானே என்று அலுமாரிக்கு மேலே வைத்தேன். மாமி எடுத்து மூன்று தரம் வாசித்தாள். பிறகு தன் நர்சிங் புத்தகத்துக்குள் மடித்து வைத்தாள். 

அதை விடு. போன கிழமை இங்கே நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். ஆறுதலாக இருந்து வாசி.

மிஸ்டர் பெரென்ஸுக்குக் கண் ஒப்பரேஷன் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். அதற்கு முதல் கிழமைதான் கடையின் பின் யன்னலை யாரோ உடைத்திருந்தார்கள். வாத்தியத்தை அங்கே விட அவருக்குப் பயம். மாமிக்கு இரவு வேலை, எனக்குப் பகல் வேலை, உன் வீட்டில் எப்போதும் ஆள் இருக்கும் மகேன் என்று சொல்லி, என் பொறுப்பில் தந்தார். மந்திரிமாருக்குக்கூட அப்படி நம்பிக் கொடுக்க மாட்டார்கள். மூன்று கட்டளை போட்டார். கழுத்தில் மட்டும் பிடிக்க வேண்டும், ஹீட்டருக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது, துணியால் துடைக்கக் கூடாது. பொட்டு வைக்கக் கூடாது என்று அவர் சொல்லவில்லை.

டொக்டர் லாங்கன் வெள்ளிக்கிழமை காலை கடைக்கு வருவதாக ஏற்பாடு. அன்றைக்கு விஜயதசமி. நல்ல நாளாகவே வாய்த்தது என்று எனக்குச் சந்தோஷம். வியாழக்கிழமை எங்கள் வீட்டில் சரஸ்வதி பூசை. இங்கே கோயில் ஒன்றும் கிடையாது, ஆகையால் வருஷா வருஷம் எங்கள் ஃபிளாட்தான் கோயில். தமிழ்ச் சனம் முழுவதும் வரும். முழுவதும் என்றால் ஆறு குடும்பம்.

மாமி காலையில் வேலையால் வந்து, குளித்துத் தோய்ந்துவிட்டு, முன்அறையில் படம் வைத்து, தன்னுடைய நர்சிங் புத்தகங்களை அடுக்கினாள். நான் என் வான் லைசென்ஸை வைத்தேன். பிறகு மாமி அறைக்குள் இருந்த வாத்தியப் பெட்டியைப் பார்த்து, "சிறியின்ரை பயணம் இதுக்குள்ளைதானே கிடக்கு, இதையும் வைச்சுக் கும்பிடுவம்" என்றாள். எனக்கும் சரியாகவே பட்டது. அதுவும் வாத்தியந்தானே. மாமி தன் கூறைச் சேலையை நாலாக மடித்து விரித்தாள். நான் கழுத்தில் மட்டும் பிடித்து அதில் படுக்க வைத்தேன்.

அந்த வயோலின் உச்சியில் ஒரு பெண்ணின் தலை செதுக்கியிருக்கிறது. கழுத்தை மாற்றியவர்கள் தலையை மட்டும் எறிய மனம் வராமல் திரும்ப ஒட்டியிருக்கிறார்கள். தலைமயிர் ஒவ்வொரு இழையாகத் தெரியும். மாமி அதைப் பார்த்து, "பிள்ளையின்ரை நெத்தி வெறுமையாய்க் கிடக்கு" என்று சொல்லி, சந்தனம் தொட்டு, அதன் மேல் குங்குமமும் வைத்துவிட்டாள்.  மாமி அப்போது உன் பெயரைச் சொல்லித்தான் வைத்தாள்.

வந்த சனத்துக்கு, இது பிரான்ஸ் ராசாவின் பள்ளியறையில் வாசித்தது என்று நான் சொன்னேன். ராசா படுக்கப் போகும்போது இதைக் கேட்டால்தான் நித்திரை வருமாம் என்றும் சொன்னேன். எல்லோரும் விழுந்து கும்பிட்டார்கள்.

மத்தியானம் சனம் கலைந்துவிட்டது. மாமியோடு வேலை செய்கிற மீனாம்பாள் மட்டும் நின்றாள். சென்னைப் பக்கத்துப் பெண், ஆசாரம் பார்க்கிறவள். ரெலிபோன் அடித்தது. டொக்டர் லாங்கன். விமான நிலையத்தில் நடுச்சாமத்தோடு வேலைநிறுத்தமாம், தன்னை இன்று பின்னேரமே லண்டன் விமானத்தில் ஏற்றி விடுகிறார்களாம், ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி என் விலாசம் வாங்கிவிட்டாராம், இப்போதே வந்து பார்க்கலாமா என்று கேட்டார். வாருங்கள் என்று இங்கிலீஷில் கம்பீரமாகச் சொல்லிவிட்டு வைத்தேன். வைத்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். மாமி குசினி வாசலில் நிற்கிறாள்.

பூசையில் வைத்ததை விஜயதசமி காலை வரைக்கும் எடுக்கக் கூடாது. உனக்குத் தெரியாததா. பள்ளிக்கூடப் புத்தகத்தைக்கூட அன்றைக்குத் தொட விட மாட்டார்களே.

"இப்ப எடுக்கேலாது" என்று மாமி சொன்னாள். எடுக்காவிட்டால் சிறியின் அலுவல் முடிந்தது என்று நான் சொன்னேன். "எடுத்தாலும் முடிஞ்சுது. அவன்ரை பேரைச் சொல்லி வைச்சதை இடையிலை குழப்பினால் ஆருக்குக் கூடாது? அவனுக்குத்தானே கூடாது" என்றாள். மீனாம்பாளும், "எடுக்கக் கூடாதுண்ணா, நாளைக்குக் காலையில புனர்பூஜை பண்ணிட்டுத்தான் எடுக்கணும். நாளைக்கு வரச் சொல்லுங்க அவரை" என்றாள். நாளைக்கு அவர் லண்டனில் நிற்பார் என்றேன். "அப்ப லண்டனுக்கே எடுத்துட்டுப் போய்க் காட்டுங்க" என்கிறாள்.

நான் விடவில்லை. உலகப்படத்தை எடுத்து விரித்தேன். சாஸ்திரம் என்பது எங்கே முதலில் விடிகிறதோ அந்த இடத்துக் கணக்கு, நியூசிலாந்தில் எங்களுக்கு முதலே விடியும், ஆகையால் அங்கே விஜயதசமி தொடங்கியிருக்கும் என்று விளக்கினேன். மாமி படத்தைப் பார்க்காமலே, "அங்கையும் இப்ப பின்னேரந்தான்" என்றாள். உண்மைதான். ஆனால் வாதம் நல்ல வாதம்.

சிறி, என் வாழ்நாளில் நான் பேசித் தப்பாத இடம் இல்லை. இரண்டு பக்கமும் உன் பெயர் நின்றதால் எந்தப் பக்கம் பேசுவது என்று தெரியவில்லை.

டொக்டர் வந்தார். நெட்டை மனிதர், பெட்டியும் கையுமாக. டாக்ஸி கீழே நின்றது. மாமி வாசலிலேயே சப்பாத்தைக் காட்டினாள். கழற்றினார். பெருவிரல் பக்கம் காலுறையில் ஒரு ஓட்டை. அறைக்குள் வந்து, கூறைச் சேலையும் பூவும் கடலையும் அதன் நடுவில் வயோலும் கிடப்பதைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார். நான் விஷயத்தைச் சொன்னேன். இன்று எங்கள் ஊர் வழக்கப்படி வாத்தியத்துக்கு ஓய்வு நாள், மனிதருக்கு ஞாயிறு போல, தொடக் கூடாது, கண்ணால் எவ்வளவும் பார்க்கலாம் என்றேன். அவர் கோபிப்பார் என்று நினைத்தேன். கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் பாயில் குப்புறப் படுத்தார்.

பல் டொக்டர் வைத்திருக்கிற மாதிரி ஒரு சின்னக் கண்ணாடியும் டோர்ச்சும் எடுத்து, வாத்தியத்தில் படாமல், முன்பலகைத் துளைகளுக்கு மேலே பிடித்து உள்ளே பார்த்தார். ஒரு பக்கம் பார்த்து, ஊர்ந்து மற்றப் பக்கம் போய்ப் பார்த்தார். பெட்டிக்குள் இருந்து படங்கள் எடுத்து ஒப்பிட்டார். எல்லாம் மற்ற ஊர்களில் மிஞ்சியிருக்கிற கொலிஷோன் வயோல்களின் படங்களாம். தலையின் பக்கம் வந்தபோது பொட்டைக் கண்டார். இது என்ன என்றார். நாங்கள் மதிக்கிறவர்களுக்கு வைப்பது என்றேன்.  மிஸ்டர் பெரென்ஸுக்குத் தெரியுமா என்று கேட்டார். நான் இருமினேன்.

பிறகு எழும்பி முழங்காலில் இருந்து சொன்னார். முன்பலகை பிந்திய காலத்தது, கழுத்தும் அப்படியே, அவற்றை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அறியக் கூடியது பின்பலகையில்தான் இருக்கிறது. முதுகைப் பார்க்காமல் நான் பெயர் சொல்ல மாட்டேன். அப்படியே சொன்னார். கீழே டாக்ஸிக்காரன் ஹோர்ன் அடித்தான். டொக்டர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, படங்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கத் தொடங்கினார்.

நான் மாமியைப் பார்த்தேன். மீனாம்பாள் நிலத்தைப் பார்த்தாள்.

மாமி குசினிக்குள் போனாள். கோபித்துக்கொண்டு போகிறாள் என்று நினைத்தேன். கற்பூரத் தட்டோடு வந்தாள். தீபம் காட்டினாள். தட்டை வைத்துவிட்டு, படத்தைப் பார்த்து, எங்களுக்கெல்லாம் கேட்கச் சொன்னாள்: "அம்மா, நான் வைச்சனான், நானே எடுக்கிறன். குற்றம் இருந்தால் என்ரை கைக்குக் குடு. அவன்ரை கைக்குக் குடுத்தது போதும்."

அப்போதுதான் மருமகன், அக்காவின் கடிதத்தை மாமி எப்படி வாசித்திருக்கிறாள் என்று எனக்கு விளங்கியது. எத்தனையோ வருஷம் நர்ஸாக இருக்கிறவள். அடிபாட்டில் பட்ட காயம் ஆறுகிறது என்றால், இரண்டு மாதமாகப் பேனை பிடிக்க விடாமல் இருக்காது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

மாமி கழுத்தில் பிடித்துத் தூக்கினாள். எடுக்கக் கூடாது என்று நின்ற மீனாம்பாள்தான் ஓடி வந்து மற்றப் பக்கம் தாங்கி, கீழே தலையணை வைத்தாள். வாய் ஏதோ சுலோகம் சொல்லிக்கொண்டே இருந்தது. இரண்டு பெண்களுமாகத் திருப்பிக் கொடுத்தார்கள்.

டொக்டர் பின்பலகையைப் பார்த்த பார்வையை நான் எப்படி எழுத. விளிம்போடு ஓடுகிற ஒரு கறுப்புக் கோட்டை, படத்தையும் அதையும் மாறி மாறிப் பார்த்து, விரலை மேலே பிடித்துத் தொடாமலே கொண்டு போனார். டாக்ஸிக்காரன் இன்னொரு தரம் ஹோர்ன் அடித்தான், அவருக்குக் கேட்கவில்லை. கடைசியில், முதுகும் பக்கப்பலகையும் தலையும் கொலிஷோனுடைய கைதான் என்று நினைக்கிறேன் என்றார். நினைக்கிறேன் என்ற சொல்லை மறக்காமல் குறித்துக்கொள்ளச் சொன்னார். லண்டனில் இருந்து எழுத்தில் அனுப்புவாராம். மாமி கொடுத்த கடலையைக் கைலேஞ்சியில் முடிந்துகொண்டு, சப்பாத்துக் கயிறு கட்டாமலே ஓடினார்.

மிஸ்டர் பெரென்ஸ் திங்கட்கிழமை ஆஸ்பத்திரியால் வந்தார், ஒரு கண்ணுக்குக் கட்டு. டொக்டர் அவருக்குப் போனில் எல்லாம் சொல்லியிருந்தார். மற்றக் கண்ணால் முதலில் பார்த்தது அந்தத் தலையைத்தான். பஞ்சை எதிலோ தோய்த்து, எறும்பு நடக்கிற மாதிரி ஒற்றி எடுத்தார். முக்கால்வாசி வந்துவிட்டது. நெற்றியில் ஒரு வெடிப்புக்குள் கொஞ்சம் சிவப்பு இறங்கிவிட்டது, வரவில்லை. என் கணக்கு முடிந்தது என்று சாவியை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் சாவியைப் பார்க்கவில்லை. பொட்டு யாருக்காக வைத்தது என்று கேட்டார். மருமகனுக்காக என்றேன். பஞ்சை உருட்டிக் குப்பைக்குள் போட்டார். பிறகு, இருக்கட்டும், இதற்கு நடந்தவற்றில் இதுதான் சின்னது என்றார்.

கிழவியும் சம்மதித்துவிட்டாள். மிஸ்டர் பெரென்ஸ் உன் பத்திரத்தில் கையெழுத்து வைக்கப் பேனையும் எடுத்துவிட்டார். ஆனால் வைக்கவில்லை, சிறி. மூடியைத் திரும்பப் போட்டுவிட்டுச் சொன்னார்: "மகேன், உன் மருமகன் வீணை செய்கிறவனா, கதவு செய்கிறவனா, எனக்குத் தெரிய வேண்டாம். அவன் கையை நான் பார்க்க வேண்டும். ஒரே ஒரு பிரடை செதுக்கி அனுப்பச் சொல்லு. அதைப் பார்த்துவிட்டு வைக்கிறேன்."

அந்த மனிதருக்கு நான் சொன்னது எவ்வளவு நீளம் என்று முதல் நாளே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே பேனை எடுத்திருக்கிறார்.

இத்துடன் பிரடையின் அளவுப் படம் வைத்திருக்கிறேன், அவர் தன் கையால் கீறியது. கருங்காலியில் செய்யட்டாம். நான் முதலில் இந்தக் கடிதத்தை வேறு விதமாகத்தான் எழுதினேன். யாராவது வீணை செய்கிறவரிடம் ஒன்று வாங்கி, நீ செய்ததாக அனுப்பு என்று எழுதியிருந்தேன். மாமி வாசித்துவிட்டுக் கிழித்து அடுப்புக்குள் போட்டாள். "அந்தாளின்ரை ஒரு கண்ணுக்குத்தான் கட்டு" என்றாள்.

மாமி சில கேள்வி கேட்கச் சொல்கிறாள். அவள் சொல்கிறபடி எழுதுகிறேன். எந்த விரல்கள்? வெட்டா, அடியா? பெருவிரலும் சின்னவிரலும் ஒன்றை ஒன்று தொடுமா? ஊசியால் தொட்டால் தெரியுமா, மரத்துக் கிடக்கிறதா? இளஞ்சூட்டு உப்புத் தண்ணீரில் கையை வைத்து, ஒரு ரப்பர் பந்தை மெல்ல மெல்ல அமத்திப் பழகட்டாம், நோகும், நொந்தாலும் விடக் கூடாதாம். யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் எலும்பு பார்க்கிற டொக்டரிடம் காட்டினீர்களா, அவர் என்ன சொன்னார்? இவ்வளவும் மாமியின் கேள்வி. அவள் பக்கத்தில் நின்று, எழுதி முடித்துவிட்டேனா என்று பார்க்கிறாள்.

இனி என்னுடையது. பிரடை கோணலாக வந்தாலும் பரவாயில்லை, அனுப்பு. இடக்கையால் செதுக்கினாலும் அனுப்பு, இடக்கையால் செதுக்கியது என்று எழுது. இரண்டும் முடியாவிட்டால் அதையும் எழுது. அப்படி எழுதினால் நான் என்ன செய்வேன் என்று கேட்காதே. ஒரு வழி வைத்திருக்கிறேன் என்று எழுதத்தான் கை வருகிறது. ஒரு வழியும் இல்லை, மருமகன். ஆனாலும் பரமட்டாவுக்குப் போய், அந்த மனிதரின் முன்னால் நின்று, உள்ளதை உள்ளபடி சொல்லிப் பார்ப்பேன். நான் அப்படிச் சொல்லிப் பழக்கமில்லை. பழகிக்கொள்கிறேன்.

அக்காவை எழுத விடாதே. நீ எழுது. எழுத்துக் கிறுக்கலாக இருந்தாலும், ஒரு சொல்லோடு நின்றுவிட்டாலும், அது உன் கையால் எழுதியதாக இருக்க வேண்டும். இந்தக் குடும்பத்தில் சொல்ல வேண்டிய பொய்யெல்லாம் மாமா சொல்லிக்கொள்வேன். நீ உன் விரலைப் பற்றி மட்டும் எங்களுக்கு உண்மையைச் சொல்லு.

அந்தக் கை சுகப்பட வேண்டும் என்று இரண்டு நேரமும் வேண்டிக்கொண்டிருக்கும்,

உன் மாமா
மகேந்திரராஜா

மாமி கூறைச் சேலையை இன்னும் மடித்து வைக்கவில்லை. வயோல் இருந்த இடத்தில் அப்படியே விரித்துக் கிடக்கிறது. உன் கடிதம் வந்த பிறகு எடுக்கிறாளாம்.